ஆச்சியின் கைப்பிடி எத்தனை கிலோ? முதுமை ஆய்வில் இறங்கும் கம்பஸ் பிள்ளைகளுக்கு

என் முதல் ஆய்வில் 38 முதியவர்களின் கைப்பிடி வலுவை, அதாவது கையால் எவ்வளவு இறுக்கிப் பிடிக்க முடியும் என்பதை, அளந்தேன். 38உம் குப்பைக்குப் போயின. பாதிப் பேரைத் திண்ணையில் இருத்தி அளந்திருந்தேன், மீதிப் பேரை நிற்க வைத்து. யாரை எப்படி என்று எங்கேயும் குறித்து வைக்கவில்லை. திருகோணமலையில் சாம்பல்தீவிலிருந்து திருக்கடலூர் வரை வெயிலில் சைக்கிள் மிதித்ததுதான் மிச்சம். அப்போதிருந்த வழிகாட்டி அந்தத் தாள்களைப் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு. நான் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை.

இப்போது நான் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் வெவ்வேறு பீடங்களில் படிக்கும் ஆறேழு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதே வேலையைப் பழக்குகிறேன். நான்காவது வருடம் ஓடுகிறது. ஒவ்வொரு வருடமும் புதிதாக வருபவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். எங்கள் பிள்ளைகளுக்கு வயதானவர்களோடு பழகச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அம்மம்மா, அப்பம்மா, உம்மம்மா என்று யாரோ ஒருவரின் கையால் சோறு தின்று வளர்ந்தவர்கள். அந்தப் பழக்கம் எந்த வீட்டுப் படலையையும் திறந்துவிடும். ஆனால் உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்த பிறகு அதே பழக்கம்தான் அளவைக் கெடுக்கும். "பாவம், களைச்சுப் போனா" என்று இரண்டாம் தடவை அளக்காமல் விட்டுவிடுவார்கள். ஆச்சிக்குப் பதிலாக மருமகள் சொன்ன பதிலை எழுதிக்கொண்டு வருவார்கள். நான் கொடுக்கும் பயிற்சியில் பாதி, பழக்கத்தைக் கைவிடாமல் அதைக் கொஞ்சம் தள்ளி வைப்பது எப்படி என்பதுதான்.

அமெரிக்காவில் 1974இல் உருவான தேசிய முதுமை நிறுவனம், பட்டப்படிப்பு மாணவர்களை இந்தத் துறைக்குள் கொண்டுவரும் பயிற்சிகளுக்கு நிதி கொடுத்திருக்கிறது. ஆய்வுப் பக்கம் வழக்கமாக வராத குடும்பங்களின் பிள்ளைகளையும் சேர்ப்பது அவற்றின் நோக்கங்களில் ஒன்று. வழிகாட்டி, கைச்செலவுக்குக் காசு, கூடப் படிக்கும் ஒரு குழு, சொந்தமாக ஒரு சின்னக் கேள்வி என்று அந்தப் பயிற்சிகளின் எலும்புக்கூடு எனக்குப் பிடித்தது. அவர்களுடைய பணம் எங்களிடம் இல்லை. எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வியைச் சிறிதாக்குங்கள்

வருகிற எல்லோரும் பெரிய கேள்வியோடுதான் வருவார்கள். தனிமை, நீரிழிவு, மறதி மூன்றையும் ஒரே தாளில் பிடித்துவிடலாம் என்று நினைப்பு. போன வருடம் கணினி படிக்கும் தம்பி ஒருவர் புழுவோடு வந்தார். 1993இல் சிந்தியா கென்யனின் குழு, சீ எலிகன்ஸ் என்ற சின்னப் புழுவில் டாஃப்-2 என்ற ஒற்றை மரபணு மாறியிருந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகிறது என்று காட்டியது. அந்தப் புழு வழக்கமாக இரண்டு மூன்று வாரம்தான் உயிர் வாழும். ஒரு தவணைக்குள் பல தலைமுறைகளைப் பார்த்துவிடலாம். தம்பிக்குக் கண் மின்னியது. நான் வெப்பமானியைக் காட்டினேன். அந்தப் புழுவை 20 பாகையில் வைத்து வளர்ப்பார்கள். ஆடி மாதத்து நடுப்பகலில் எங்கள் அறை 33. மின்சாரம் ஒரு தடவை நின்றாலே கதை முடிந்தது. புழு பிறகு வரட்டும் என்றேன்.

எங்களுக்குத் தோதான கேள்வி, ஓர் அளவுநாடா, ஒரு நிறுத்தற்கடிகாரம், ஒரு கதிரை, ஒரு கைப்பிடி மானி ஆகியவற்றோடு முடிய வேண்டும். உதாரணம் ஒன்று: 65 வயதுக்கு மேற்பட்ட பெண்களில், கிணற்றில் அள்ளிக் குளிப்பவர்களுக்கும் குழாய்த் தண்ணீரில் குளிப்பவர்களுக்கும் கைப்பிடி வலுவில் வித்தியாசம் இருக்கிறதா? கேள்வி நல்லது. அதற்குள் ஒரு பொறியும் இருக்கிறது. கிணறு கைக்கு வலுக் கொடுத்ததா, வலு இருக்கிறவர் மட்டும்தான் இன்னும் கிணற்றடியில் நிற்கிறாரா? கை தளர்ந்ததால்தான் மகன் குழாய் எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஒரே ஒரு தடவை அளந்துவிட்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. இந்த இடத்தை ஒரு பிள்ளை தானாகவே கண்டுபிடித்துவிட்டால், அந்த வருடம் எனக்கு அதுவே போதும்.

வழிகாட்டி ஒருவர் போதாது

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அறிவியலுக்கு: அளவு, புள்ளிவிபரம், எழுத்து. மற்றவர் ஊருக்கு: குடும்பநல உத்தியோகத்தர், முதியோர் சங்கச் செயலாளர், கோயில் தொண்டர், யாராகவும் இருக்கலாம். எந்த வீட்டில் நாய் அவிழ்த்து விட்டிருக்கும், எந்த ஐயாவுக்குக் காது கேட்காது, எந்த வீட்டில் போன மாதம் சாவு என்று சொல்லக்கூடியவர் அவர்தான். பட்டம் பெற்றவர்கள் இந்த இரண்டாமவரை நன்றியுரையில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு.

விரிவுரையாளருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல் நான்கு வரியைத் தாண்டக்கூடாது. நீங்கள் யார், அவருடைய எந்த வேலையைப் படித்தீர்கள், உங்கள் கேள்வி என்ன, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் தர முடியும். "சேர், எனக்கு ஆய்வில் மிகுந்த ஆர்வம்" என்று தொடங்குவதை அவர்கள் நாளுக்குப் பத்துத் தடவை பார்க்கிறார்கள். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து இன்னொரு தடவை எழுதுங்கள். அதற்குப் பிறகும் இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவர் ஒத்துக்கொண்டதும் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். கிழமைக்கு அரை மணி நேரம் சந்திப்பு. முதல் ஐந்து பேரை அளந்த உடனேயே தாள்களைக் காட்ட வேண்டும். தரவு யாரிடம் இருக்கும், கட்டுரை வந்தால் யார் பெயர் எங்கே, இரண்டு வாரம் பதில் இல்லாவிட்டால் யாரிடம் போகலாம் என்பதும் அதிலே இருக்க வேண்டும். "சேரிடம் போய் இதையெல்லாம் எப்படிக் கேட்கிறது" என்று பிள்ளைகள் நெளிவார்கள். நான் கேட்காததன் விலை 38 தாள்.

நல்ல வழிகாட்டல் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்குக் கரோல் கிரைடரின் கதையைச் சொல்வேன். 1984இல் எலிசபெத் பிளாக்பர்னின் ஆய்வகத்தில் அவர் ஆராய்ச்சி மாணவி. அந்த வருடம் நத்தார் தினத்தன்று ஆய்வகத்துக்குப் போய்ப் படச்சுருளைப் பார்த்தபோதுதான், குரோமோசோம் நுனிகளை நீட்டும் நொதியின் முதல் தடயம் தெரிந்தது. உடனே ஊரைக் கூட்டவில்லை. வேறு ஏதாவது காரணத்தால் இப்படித் தெரிகிறதா என்று மாணவியும் வழிகாட்டியுமாக ஒவ்வொன்றாகச் சோதித்து, கட்டுரை வந்தது 1985 கடைசியில். 2009இல் இருவரும் ஜாக் சோஸ்டாக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பிள்ளைகளுக்கு நத்தார் தினம் நினைவில் நிற்கும். எனக்கு அந்த இடைப்பட்ட மாதங்கள்தான் முக்கியம்.

அனுமதி இல்லாமல் ஒரு படலையும் தட்டாதீர்கள்

மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பார்த்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் வரும்வரை, "சும்மா முன்னோட்டத்துக்கு" என்றுகூட வெளியாளை அளக்கக்கூடாது. மாதக்கணக்காகலாம். விண்ணப்பத்தைப் புரட்டாசிக்கு முன் அனுப்பிவிட்டால் மாரி மழைக்காலம் காத்திருப்பில் போய்விடும். ஐப்பசியிலிருந்து தை வரை முற்றத்தில் சேறாக இருக்கும்போது எப்படியும் யாரையும் நடக்க வைக்க முடியாது. மாசி பிறந்தால் களம்.

தகவல் தாளைத் தமிழில் மட்டும் அடித்துக்கொண்டு போகாதீர்கள். திருகோணமலையில் ஒரு வீதி தாண்டினால் மொழி மாறும். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, இரண்டையும் வேறொருவர் திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்த்திருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டி, குடும்பத்துக்கு வெளியே ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு, பெருவிரல் அடையாளம். மூத்த மகன் "எடுங்கோ, எடுங்கோ" என்று சொன்னதைச் சம்மதமாக எழுதக்கூடாது. சம்மதம் ஆச்சியுடையது. அவர் மாட்டேன் என்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள்.

இலங்கைச் சட்டத்தில், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 60 வயதானவர் முதியவர். அதனால் பலர் உங்களை அரசாங்கத்து ஆட்கள் என்று நினைத்து, உதவிப் பணம் கூடுமா, முதியோர் அடையாள அட்டை கிடைக்குமா என்று கேட்பார்கள். கிடைக்காது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். பிறகு சொன்னால் அது ஏமாற்று.

வயதே முதல் சிக்கல்

படிவத்தில் முதல் பெட்டி வயது. பிறப்புச் சான்றிதழ் இடம்பெயர்வில் போனது, பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயதைக் கூட்டிப் போட்டது, குறைத்துப் போட்டது என்று ஆளுக்கொரு கதை. அடையாள அட்டையில் இருப்பதை ஒரு பெட்டியில் எழுதுங்கள். பக்கத்தில் இன்னொரு பெட்டி வைத்து, சம்பவங்களை வைத்துக் கேளுங்கள். யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9. வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்தது 1957. சூறாவளி 1964 டிசம்பர். "குண்டு போட்டப்போ நான் அம்மாவின் வயித்தில" என்று ஒரு ஆச்சி சொன்னார். அட்டையில் அவர் பிறந்தது 1946. நான்கு வயது வித்தியாசம் ஒரு முடிவையே புரட்டிப்போடும். இரண்டையும் எழுதி, எதை ஏன் எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அளத்தல்

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். வெளியே போவதற்கு முன் மூன்று சனிக்கிழமை எங்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் அளப்போம். ஒரே ஆளை இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, எண்ணை மறைத்து வைத்து, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பது. முதல் நாள் வித்தியாசத்தைப் பார்த்து எல்லோருக்கும் சிரிப்பு வரும். மூன்றாம் நாள் சிரிப்பு வரக்கூடாது.

கைப்பிடி மானியில் இரண்டு வகை புழக்கத்தில் இருக்கின்றன. சுருள்வில் உள்ள ஸ்மெட்லி வகை என்றால் நின்றுகொண்டு, முழங்கையை நீட்டி அளக்க வேண்டும். நீரழுத்த ஜமார் வகை என்றால் கதிரையில் இருந்து, முழங்கையை 90 பாகைக்கு மடித்து. தசை தேய்வதைப் பற்றிய ஆசியப் பணிக்குழு 2019இல் சொன்ன முறை இது. கருவியின் வகை, இருப்பா நிற்பா, எந்தக் கை, மானியின் பிடி எத்தனையாம் பள்ளத்தில் என்று நான்கையும் ஒவ்வொரு தாளிலும் எழுதுங்கள். ஒவ்வொரு கைக்கும் இரண்டு தடவை அளந்து, அதில் கூடியதை எடுங்கள். அதே குழு ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழும் பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழும் இருந்தால் வலுக்குறைவு என்கிறது.

உற்சாகப்படுத்தும் சொல்லும் அளவின் ஒரு பகுதி. "இறுக்குங்கோ, இறுக்குங்கோ, இன்னும், விடுங்கோ." எல்லோருக்கும் இதே சொல், இதே சத்தம். சொந்த அம்மம்மாவுக்கு மட்டும் ஐந்து தடவை "இன்னும்" சொன்ன பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். அவவுக்கு 23 கிலோ வந்தது. அதிலிருந்து ஒரு விதி: உங்கள் சொந்தக்காரரை நீங்கள் அளக்கக்கூடாது, குழுவில் வேறொருவர் அளக்க வேண்டும்.

நடை வேகத்துக்கு 6 மீற்றர். தொடக்கக் கோட்டுக்கு முன்னும் முடிவுக் கோட்டுக்குப் பின்னும் கொஞ்ச இடம் விட்டு, வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். 6 செக்கனுக்கு மேல் எடுத்தால் வேகம் நொடிக்கு 1 மீற்றருக்குக் குறைவு, அதுதான் பணிக்குழுவின் எல்லை. சொல்ல இலகு. எங்கள் ஊரில் முற்றம் முழுக்க மணல். மணலில் நடந்தால் யாருக்கும் வேகம் குறையும். ஆகவே சீமெந்துத் தரை தேடுங்கள். கோயில் மண்டபம், பாலர் பாடசாலை விறாந்தை, சனசமூக நிலையம். செருப்போடு நடந்தாரா, சேலையா சோட்டியா, கைத்தடி இருந்ததா என்று குறியுங்கள். சோதனைக்கு என்றால் ஐயாமார் வீரம் காட்டி வேகமாக நடப்பார்கள். "பஸ்ஸுக்குப் போற மாதிரி வேண்டாம், கடைக்குப் போற மாதிரி" என்று நாங்கள் சொல்வோம்.

கதிரையிலிருந்து கையை ஊன்றாமல் ஐந்து தடவை எழும்பி இருப்பது அடுத்தது. 12 செக்கன் அல்லது அதற்கு மேல் போனால் குறைவு. பிளாஸ்டிக் கதிரை வழுக்கும். சுவரோடு சேர்த்து வையுங்கள், ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே உயரக் கதிரை என்பதால் நாங்கள் ஒன்றை ஆட்டோவில் கட்டிக்கொண்டே திரிகிறோம். "கதிரைக்காரப் பிள்ளைகள்" என்று பெயர் வந்துவிட்டது. காலை ஒன்பது மணிக்கு முன் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் எண்ணும் இறங்கும்.

மறதிச் சோதனைகளை முதல் வருடம் தொடாதீர்கள். பெயர்பெற்ற தாள்களுக்கு உரிமமும் பயிற்சியும் வேண்டும். அதைவிடப் பெரிய பிரச்சினை படிப்பு. மொகா என்ற சோதனையில் 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுக்கச் சொல்கிறார்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற ஆச்சிக்கு அந்த ஒரு புள்ளி என்ன செய்யும்? மணிக்கூடு வரையச் சொன்னால், வாழ்நாளெல்லாம் பாங்கொலியையும் கோயில் மணியையும் கேட்டு நேரம் அறிந்தவர் பேனையைப் பிடிக்கவே தடுமாறுவார். அதை மறதி என்று எழுதுவது பிழை.

கேள்வித்தாள்

அன்றாட வேலைகளுக்கு இரண்டு பழைய பட்டியல்கள் உண்டு. 1963இல் காட்ஸ் என்ற மருத்துவர் தந்தது குளிப்பு, உடை, கழிவறை, எழும்பி நகர்தல், சிறுநீர் மலத்தை அடக்குதல், சாப்பாடு என்று ஆறு. 1969இல் லோட்டன், புரோடி என்ற இரு ஆய்வாளர்கள் தந்ததில் கடைக்குப் போதல், சமையல், மருந்து, காசு போன்றவை வரும். இங்கே வைத்துக் கேட்டால்தான் இவற்றின் ஓட்டைகள் தெரியும். "தானாகக் குளிப்பீங்களா?" ஆம். "தண்ணி யார் அள்ளுறது?" மகள். இப்போது என்ன புள்ளி? சமையலுக்கு வாருங்கள். ஒரு ஐயா தன் வாழ்க்கையில் அடுப்பங்கரைக்குள் போனதில்லை. அவரால் முடியாதா, செய்வதில்லையா? முதலில் வந்த லோட்டன் பட்டியலே ஆண்களுக்குச் சமையல், வீட்டு வேலை, உடுப்புக் கழுவல் மூன்றையும் கணக்கில் எடுக்கவில்லை. "செய்வீங்களா" என்று ஒன்று, "தேவைப்பட்டால் செய்ய ஏலுமா" என்று ஒன்று, இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்.

பதிலை ஆச்சியின் வாயிலிருந்து எடுப்பது ஒரு கலை. மருமகள் குறுக்கே வந்தால் நாங்கள் இரண்டாகப் பிரிவோம். ஒருவர் மருமகளிடம் குடும்ப விபரம் கேட்க அடுப்படிப் பக்கம் போவார், மற்றவர் ஆச்சியோடு இருப்பார். "சுகமா இருக்கிறன் பிள்ளை" என்பது பதில் இல்லை, மரியாதை. கொஞ்சம் பொறுத்து "நேற்று இரவு எத்தனை தரம் எழும்பினீங்கள்?" என்று கேளுங்கள்.

யாரைச் சேர்ப்பது

கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவமும் பிரயோக விஞ்ஞானமும் தொடர்பாடலும் படிக்கிறார்கள். ஒரே பாடக்காரரை மட்டும் எடுத்தால் ஒரே பிழையை ஏழு பேரும் சேர்ந்து விடுவார்கள். சித்த மருத்துவப் பிள்ளைக்கு நாடி பார்க்கும் கை. முதியவர்கள் தயங்காமல் கையை நீட்டுவார்கள். அவரிடம் மருந்தும் கேட்பார்கள், அதனால் "இன்றைக்கு நான் வைத்தியத்துக்கு வரவில்லை" என்று முதலிலேயே சொல்லப் பழக்க வேண்டியிருந்தது. கிண்ணியாத் தங்கச்சி ஒருவர், வயதான ஆண்களின் முழங்கையைத் தொட்டுச் சரிப்படுத்துவதற்குப் பதில் தன் கையில் செய்து காட்டினார். இப்போது நாங்கள் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்கிறோம், அளவும் சீரானது. கந்தளாயிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் "ஆச்சி" என்ற சொல் அவருடைய மொழியிலும் இருக்கிறது. அதைச் சொல்லியே திண்ணையில் இடம் பிடித்துவிட்டார்.

அப்புறம் காசு. பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் கொடுக்காத பயிற்சி, வசதியான வீட்டுப் பிள்ளைகளை மட்டும் தெரிந்தெடுக்கும், அது தனக்கே தெரியாது. மூதூரிலிருந்து வருபவருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை வைத்து நேரத்தைப் போடுங்கள். பின்னேரம் கடையில் வேலை செய்யும் பிள்ளைக்குத் தரவு உள்ளிடும் வேலையை இரவில் கொடுங்கள். பெண் பிள்ளைகள் எப்போதும் இருவராகப் போக வேண்டும், ஆண் பிள்ளைகளும்தான். நோன்பு மாதத்தில் நோன்பு பிடித்திருப்பவரை அளக்காதீர்கள், களைப்பும் தாகமும் எண்ணுக்குள் வந்துவிடும்.

திரும்பிப் போவது

தாளில் பேனையால் எழுதுங்கள். பிழைத்தால் ஒரே கோட்டால் வெட்டி, பக்கத்தில் எழுதி, கையெழுத்து. அழிக்காதீர்கள். பெயர் ஒரு கொப்பியில், எண்கள் வேறு கொப்பியில், இரண்டும் வேறு வேறு அலுமாரியில்.

அளவு குறைவாக வந்தவரிடம் "உங்களுக்கு இந்த வருத்தம்" என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. எண்ணையும் திகதியையும் ஒரு துண்டில் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வைத்து, அடுத்த தடவை டொக்டரிடம் காட்டச் சொல்வோம். முடிவுகளை முதலில் முதியோர் சங்கக் கூட்டத்தில், கரும்பலகையில் எழுதிச் சொல்கிறோம். கம்பஸ் மேடைக்கு அது பிறகுதான் போகும். போன தடவை பாலையூற்றில் ஒரு ஆச்சி எழும்பி, "என்ர நம்பர் எத்தனை, பக்கத்து வீட்டுக்காரியின்ர எத்தனை?" என்று கேட்டார். அவருடையது 16. அதைத் தனியே கூப்பிட்டு அவருக்கு மட்டும் சொன்னோம். பக்கத்து வீட்டுக்காரியுடையதை நாங்கள் சொல்லவில்லை. இன்னும் என்னோடு கோபமாகத்தான் இருக்கிறார்.